பள்ளி அடுக்கும் ஒரு சக மாணவரின் மரணமும்: ஜப்பானிய மர்ம மங்கா (சித்திரக்கதை) குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவ்வகை மங்காவில் கதை பொதுவாக எப்படி அமைகிறது?

ஒரு நடுநிலைப் பள்ளியிலோ உயர்நிலைப் பள்ளியிலோ ஒரு மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொள்கிறார். பள்ளி நிர்வாகம் இரங்கல் கூட்டம் நடத்துகிறது. வகுப்பில் எந்தப் பிரச்சினையும் இருந்ததாகத் தெரியவில்லை என்று செய்தியாளர்கள் முன் தலை தாழ்த்திச் சொல்லிவிட்டுப் பாடங்களைத் தொடர்கிறது. பின்னர் ஒரு கடிதமோ நாட்குறிப்போ கைபேசியில் எஞ்சிய ஒரு செய்தியோ வெளிப்பட, இறந்தவருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்று வகுப்பைச் சேர்ந்த ஒருவர் தேடத் தொடங்குகிறார். யார் யாரோடு சேர்ந்து உண்டார்கள், யாருடைய கேலிக்கு யார் சிரித்தார்கள், யார் எதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள் என்பவை ஒவ்வொன்றாக வெளிவந்து, கடைசியில் அந்த வகுப்பின் உள்ளமைப்பு முழுவதும் வாசகர் கண்முன் நிற்கிறது.

தற்கொலை என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறதே, பிறகு இதில் மர்மம் என்ன இருக்கிறது?

வழக்கமான துப்பறியும் கதை, கொலையாளி யார், எப்படிக் கொன்றார் என்னும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே ஓடும். இங்கே அவை இரண்டும் இல்லை. சில கதைகளில் வதைத்தவர் யார் என்பதுகூட முதல் அத்தியாயத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மறைக்கப்பட்டிருப்பது, அதை எத்தனை பேர் அறிந்திருந்தார்கள் என்பதும், அறிந்தவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும்தான்.

இதற்கு ஓர் ஆய்வுப் பின்னணி உண்டு. சமூகவியலாளர் மோரிதா யோஜி, கியோனாகா கென்ஜியுடன் சேர்ந்து 1986-இல் எழுதிய நூலில், ஜப்பானியர் 'இஜிமே' என்றழைக்கும் வகுப்பறை வதையை நான்கு அடுக்குகளாக விவரித்தார்: வதைபடுபவர், வதைப்பவர், சிரித்தும் தூண்டியும் சுவைக்கும் கூட்டம், கண்டும் காணாமல் ஒதுங்கி நிற்போர். வதைப்போரின் எண்ணிக்கையைவிட, ஒதுங்கி நிற்போரின் எண்ணிக்கையோடுதான் வதையின் அளவு நெருக்கமாக இணைந்து ஏறி இறங்குகிறது என்பது அவருடைய முக்கியமான முடிவு. நல்ல பள்ளி மர்ம மங்கா ஒவ்வொன்றும், தெரிந்தோ தெரியாமலோ, இந்த நான்காம் அடுக்கை நோக்கித்தான் துப்பறிகிறது. குற்றவாளியைப் பிடித்த இடத்தில் நின்றுவிடும் கதைகள் எனக்குப் பாதியில் நின்றுபோனவையாகவே படுகின்றன.

'வகுப்பறை அடுக்கு' என்பது உண்மையிலேயே உண்டா, அல்லது கதைக்காகப் புனைந்ததா?

உண்டு. 2000-களின் நடுவில் ஜப்பானிய இணையத்தில் 'ஸ்கூல் காஸ்ட்' என்ற சொல் பரவியது. மோரிகுச்சி அகிரா வதையின் கட்டமைப்பைப் பற்றி 2007-இல் எழுதிய நூல் அதைப் பொது விவாதத்துக்குக் கொண்டுவந்தது. 2012-இல் சுசுகி ஷோ இதையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். மாணவர்கள் தங்களைத் தொழில்முறைப் பேஸ்பால் அணிகளின் வழக்கப்படி 'இச்சிகுன்', 'நிகுன்', 'சங்குன்', அதாவது முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று பிரித்துப் பேசிக்கொள்வதுண்டு. யாரும் பட்டியல் எழுதி ஒட்டுவதில்லை. ஆயினும் ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கிச் சில வாரங்களிலேயே தத்தம் இடம் எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

சுசுகியின் நூலில் என்னை அதிகம் கவர்ந்தது வேறொரு பகுதி. மேலடுக்கு என்பது பிறரை அடக்கும் அதிகாரம் என்று மாணவர்கள் உணர்கிறார்கள். அவர் பேசிய ஆசிரியர்களோ, அது முன்வந்து பேசும் திறமை, கலகலப்பாகப் பழகும் திறமை என்று கருதுகிறார்கள். எனவே கீழே இருப்பவரிடம் 'நீயும் கொஞ்சம் முயன்றால் என்ன?' என்றுதான் அவர்களால் சொல்ல முடிகிறது. மங்காவில் வரும் ஆசிரியர் மேலடுக்கு மாணவரின் தோளில் தட்டி வகுப்பை அவர் பொறுப்பில் விட்டுச் செல்லும் காட்சி, மிகைப்படுத்தல் இல்லாமல் இதைத்தான் காட்டுகிறது.

அந்த இடத்தை எது தீர்மானிக்கிறது? மதிப்பெண்ணா, பணமா?

இரண்டும் நேரடியாக இல்லை. தோற்றம், விளையாட்டுத் திறன், எந்த மன்றத்தில் சேர்ந்திருக்கிறார் என்பது, காதல் அனுபவம், எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்தின் மனநிலையை உடனுக்குடன் பிடித்து அதற்கேற்பப் பேசும் சாமர்த்தியம் ஆகியவை சேர்ந்து முடிவு செய்கின்றன. 'காற்றைப் படிப்பது' என்று ஜப்பானியர் குறிப்பிடும் இந்தச் சாமர்த்தியம் இல்லாதவரைக் 'கேவை' (KY) என்று இரண்டெழுத்தில் இகழும் வழக்கம் 2007 வாக்கில் நாடெங்கும் பரவியது. நன்றாகப் படித்தும் வாயடைத்துப் போகிறவர் கீழே இருக்கலாம். சுமாராகப் படித்துச் சிரிக்க வைப்பவர் மேலே இருக்கலாம்.

சிரிக்க வைப்பவரின் நிலையிலும் ஆபத்து உண்டு. 'இஜிரி' எனப்படும் சீண்டல், நட்பின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. சீண்டப்படுவதற்கென்றே வகுப்பில் ஒருவர் இருப்பார். அவரும் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரித்த காரணத்தாலேயே பின்னாளில் விசாரணையில் 'அவனும்தான் ரசித்தான்' என்று எல்லோரும் சொல்வார்கள். கதைகளில் இறந்த மாணவர் பழைய புகைப்படங்களிலெல்லாம் சிரித்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இதைச் சாதியோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடாமல் இருப்பதே நல்லது. இந்த அடுக்குக்குப் பிறப்பு, திருமணம், நிலம், தொழில் எதனோடும் தொடர்பில்லை. அடுத்த ஆண்டு வகுப்பு கலைத்து அமைக்கப்படும்போது இரண்டாம் அணியில் இருந்தவர் முதல் அணிக்குப் போகலாம், முதல் அணிக்காரர் ஒரே நாளில் கீழே விழலாம். அந்த விழுகிற பயம்தான் கதைகளை நகர்த்துகிறது.

ஒரு வகுப்பு இவ்வளவு இறுக்கமாக இருப்பது எப்படி? விலகிப்போக வழியே இல்லையா?

மாணவர்கள் ஒரே அறையில் அமர்ந்திருக்க ஆசிரியர்கள் மாறி மாறி வருவது நமக்கும் பழக்கமானதே. ஜப்பானியப் பள்ளியில் அதற்கு மேலும் பல சேர்கின்றன. பெரும்பாலான தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மதிய உணவை மாணவர்களே பரிமாறி, வகுப்பிலேயே குழுவாக உண்கிறார்கள். அறையையும் கழிவறையையும் அவர்களே முறைவைத்துத் துப்புரவு செய்கிறார்கள். விளையாட்டு விழா, கலை விழா, சேர்ந்திசைப் போட்டி, இறுதி ஆண்டுச் சுற்றுலா என்று எல்லாவற்றிலும் வகுப்புதான் அலகு. நடுநிலைப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு 40 பேர் என்பதே நெடுங்காலம் சட்ட வரம்பாக இருந்தது. சுற்றுலாவுக்கு 'உங்களுக்குள் குழு பிரித்துக்கொள்ளுங்கள்' என்று ஆசிரியர் சொல்லிவிட்டுப் போகும் அந்தப் பத்து நிமிடங்களில் யாரும் அழைக்காமல் நிற்பவரின் முகத்தை மட்டும் வைத்தே ஓர் அத்தியாயம் வரைந்துவிடலாம், வரைந்தும் இருக்கிறார்கள்.

மங்காவில் அடிக்கடி வரும் காலணி அடுக்கையும் இங்கே சொல்ல வேண்டும். நுழைவாயிலில் வெளிக்காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே அணியும் வெள்ளைத் துணிக்காலணியை மாட்டிக்கொண்டுதான் மாணவர்கள் வகுப்புக்குச் செல்வார்கள். பெயரோ எண்ணோ ஒட்டிய திறந்த மாடம் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஆசிரியர் கண் அதிகம் படாத இடம், யாருடையது எது என்று எல்லோருக்கும் தெரிந்த இடம், தினமும் காலையில் முதலில் கைவைக்க வேண்டிய இடம். காலணி காணாமல் போவதும், அதனுள் குப்பை கிடப்பதும், விருந்தினர்க்கான செருப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் நாள் முழுவதும் நடப்பதும் ஒரு சொல்லும் இல்லாமல் வாசகருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன.

இக்கதைகளுக்குப் பின்னால் உண்மை நிகழ்வுகள் உண்டா?

குறிப்பிட்ட கதை குறிப்பிட்ட நிகழ்விலிருந்து வந்தது என்று சொல்வதைவிட, மூன்று நிகழ்வுகள் ஜப்பானியப் பொது நினைவில் ஆழப் பதிந்துவிட்டன, எழுதுவோர் எல்லோரும் அவற்றின் நிழலில்தான் எழுதுகிறார்கள் என்பதே சரி.

முதலாவது, டோக்கியோவின் நகானோ வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நிகழ்ந்தது. 1985 நவம்பரில், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் இறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு வகுப்பினர் 'இறுதிச்சடங்கு விளையாட்டு' நடத்தினார்கள். அவருடைய மேசையில் பூவும் ஊதுவத்தியும் வைத்து, பிரியாவிடையின்போது எல்லோரும் வாழ்த்து எழுதித் தரும் சதுர அட்டையில் இரங்கல் எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்கள். கையெழுத்திட்டவர்களில் வகுப்பாசிரியர் உள்ளிட்ட 4 ஆசிரியர்களும் இருந்தார்கள். 1986 பிப்ரவரி 1 அன்று அந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். சடங்கு விளையாட்டை வதை என்று கொள்ள முடியாது என 1991-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கூறியது. 1994-இல் உயர்நீதிமன்றம்தான் அது வதையே என்று ஏற்றது. மங்காவில் மேசைமேல் பூச்சாடி வரும்போதெல்லாம் ஜப்பானிய வாசகருக்கு நினைவுக்கு வருவது அந்த அட்டையும் அதிலிருந்த ஆசிரியர்களின் கையெழுத்துகளும்தான்.

இரண்டாவது, 1994 நவம்பரில் அய்ச்சி மாநிலத்தின் நிஷியோ நகரில் நேர்ந்தது. சக மாணவர்கள் மிரட்டி மிரட்டி 10 லட்சம் யென்னுக்கு மேல் பறித்த நிலையில், 13 வயது மாணவர் நீண்ட கடிதம் எழுதிவைத்துவிட்டு இறந்தார்.

மூன்றாவது, 2011 அக்டோபரில் ஷிகா மாநிலத்தின் ஓட்சு நகரில் 13 வயது மாணவரின் மரணம். பள்ளி மாணவர்களிடம் எழுத்துமூலம் விவரம் கேட்டது. ஆனால் அதில் வந்த பதில்களின் முழுமையும் 2012 கோடையில் ஊடகங்கள் தோண்டி எடுத்த பிறகே வெளியே தெரிந்தது. காவல்துறை பள்ளியையும் கல்வி வாரியத்தையும் சோதனையிட்டது. நகராட்சி வெளியாட்களைக் கொண்டு அமைத்த விசாரணைக் குழு 2013 ஜனவரியில் அறிக்கை தந்தது. அந்த அதிர்ச்சியில்தான் 2013 ஜூனில் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறி, செப்டம்பர் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. இதே நிகழ்வில் இன்னொரு கசப்பும் உண்டு. வதைத்தவர்களின் உறவினர் என்று இணையத்தில் பெயரும் படமும் வெளியிடப்பட்டவர்களில் சிலருக்கு அந்தக் குடும்பங்களோடு தொடர்பே இல்லை. ஆயினும் வசையும் மிரட்டலும் அவர்களுக்கும் வந்து சேர்ந்தன. உண்மையைத் தேடுகிற கூட்டமே அடுத்த வதைக்கூட்டமாக மாறுவது பின்னர் வந்த பள்ளி மர்மக் கதைகளில் ஒரு நிலையான திருப்பமாகிவிட்டது.

ஆசிரியர்களை ஏன் எப்போதும் கையாலாகாதவர்களாகவே வரைகிறார்கள்?

நகானோ அட்டையைப் பார்த்த நாட்டில் வேறெப்படி வரைவார்கள் என்பது என் முதல் பதில். ஆயினும் எல்லா ஆசிரியர்களையும் கோழைகளாக வரைவது சோம்பல்தான். வகுப்பில் 'நல்ல சூழல்' இருப்பது ஆசிரியரின் திறமைக்கு அளவுகோலாகக் கருதப்படும் இடத்தில், அந்தச் சூழலைக் குலைக்கும் செய்தியை அவர் கேட்க விரும்பாதது இயல்பே. இதைக் காட்டும் கதை, ஆசிரியரை வில்லனாக்கும் கதையைவிட வாசகரை அதிகம் உறுத்துகிறது.

காவல்துறை ஏன் கதையில் வருவதே இல்லை?

ஜப்பானியத் தண்டனைச் சட்டப்படி 14 வயது நிறையாதவரைத் தண்டிக்க இயலாது. அதற்கு மேற்பட்ட சிறாரும் குடும்ப நீதிமன்ற வழியிலேயே கையாளப்படுகிறார்கள். மேலும், ஒருவரிடம் யாரும் பேசாமல் இருப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் அன்று. எனவே விசாரணை மாணவர்கள் கையில்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

மாணவர்களே விசாரணை நடத்துவது நம்பும்படியாக இருக்கிறதா?

நடைமுறையில் நடக்காது, கதைக்குள் நம்ப வைக்க முடியும். இதன் மிகப் பெரிய எடுத்துக்காட்டு மங்கா அன்று, நாவல். மியாபே மியுகி 2012-இல் மூன்று பாகங்களாக வெளியிட்ட 'சொலொமோன் நோ கிஷோ', 1990 கிறிஸ்துமஸ் காலையில் டோக்கியோப் பள்ளி ஒன்றின் வளாகத்தில் பனிக்கடியில் ஒரு மாணவரின் உடல் கிடைப்பதோடு தொடங்குகிறது. இது தற்கொலை அன்று, கொலை என்று கூறும் பெயரில்லாக் கடிதம் வருகிறது, பெரியவர்கள் குழப்புகிறார்கள், கடைசியில் கோடை விடுமுறையில் மாணவர்களே நீதிபதி, அரசுத் தரப்பு, எதிர்த் தரப்பு, நடுவர் குழு என்று அமைத்து வழக்கு நடத்துகிறார்கள். 2015-இல் இது இரு பாகத் திரைப்படமாகவும் வந்தது. அந்த வழக்கில் தீர்ப்பைவிட, சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் ஒவ்வொருவரும் தாம் அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்வதுதான் முக்கியமாகிறது.

இதற்கும் உண்மைச் சட்டத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. 2013 சட்டத்தின் 28-ஆம் பிரிவு, உயிருக்கோ உடலுக்கோ உடைமைக்கோ கடும் பாதிப்பு நேர்ந்ததாக ஐயம் எழுந்தாலோ, வதையால் மாணவர் நீண்ட நாள் பள்ளிக்கு வராமல் இருந்தாலோ, அதை 'கடும் நிலை' எனக் கொண்டு விசாரிக்கக் கட்டளையிடுகிறது. அந்த விசாரணையின் நோக்கம் சட்டப் பொறுப்பைச் சுமத்துவதன்று, நடந்ததைத் தெளிவாக்குவதும் மீண்டும் நடக்காமல் தடுப்பதும்தான் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. பொறுப்பு நீதிமன்றத்தில் எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு ஓட்சு வழக்கே சான்று. 2019-இல் மாவட்ட நீதிமன்றம் வதைக்கும் மரணத்துக்கும் தொடர்பை ஏற்று, முன்னாள் மாணவர் இருவர் சுமார் 3 கோடியே 75 லட்சம் யென் தர வேண்டும் என்றது. 2020-இல் ஒசாகா உயர்நீதிமன்றம் தொடர்பை ஏற்றபடியே, குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அதைச் சுமார் 40 லட்சமாகக் குறைத்தது.

கதைசொல்லி ஏன் பெரும்பாலும் நடு அடுக்கைச் சேர்ந்தவராக இருக்கிறார்?

கீழே இருப்பவரிடம் யாரும் எதையும் சொல்வதில்லை. உச்சியில் இருப்பவர் கீழே நடப்பதைக் கவனிப்பதில்லை. இரு பக்கமும் கண் வைத்துப் பிழைக்க வேண்டியவர் நடுவில் இருப்பவரே. அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், இழப்பதற்கு ஏதோ கொஞ்சம் வைத்திருக்கிறார், ஆகவே பேசாமல் இருந்திருக்கிறார். சுவேனோபு கெய்கோவின் 'லிமிட்' என்ற மங்கா இதை வெட்டவெளிச்சமாக்குகிறது. வகுப்பு அரசியின் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டு 'புத்திசாலித்தனமாக' நாள் கடத்தும் கொன்னோ என்ற பெண், வகுப்புச் சுற்றுலாப் பேருந்து மலைச்சரிவில் விழுந்தபின் உயிர்பிழைத்த சிலரில் ஒருத்தி ஆகிறாள். பிழைத்தவர்களில், அதுவரை எல்லோரும் இழிவுபடுத்திய மொரிஷிகேயும் இருக்கிறாள். இப்போது ஆயுதம் அவள் கையில் இருப்பதால் அடுக்கை அவளே வகுக்கிறாள். அடுக்கு தலைகீழானதே தவிர, அழியவில்லை.

இந்த நிலைமாற்றத்தின் மிகச் சிறந்த காட்சி, என் கணிப்பில், ஓய்மா யோஷிடோகியின் 'கோயே நோ கடாச்சி'யில் வருகிறது. 'எ சைலன்ட் வாய்ஸ்' என்றால் பலருக்குத் தெரியும். செவித்திறன் இல்லாத நிஷிமியா என்ற சிறுமியின் காதொலிக் கருவிகள் சில மாதங்களுக்குள் எட்டு முறை காணாமல் போயோ உடைந்தோ விட, தலைமையாசிரியர் ஆறாம் வகுப்புக்கு வந்து விசாரிக்கிறார். வகுப்பாசிரியர் இஷிதா என்ற சிறுவனைப் பெயர் சொல்லி எழச் சொல்கிறார். அந்த நொடிவரை அவனோடு சேர்ந்து சிரித்தவர்கள் ஒவ்வொருவராக அவனைச் சுட்டுகிறார்கள். அவன் பதிலுக்கு அவர்களைச் சுட்ட, தான் எதுவுமே செய்யவில்லை என்று கவாய் என்ற சிறுமி அழுகிறாள். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறாள் என்பதுதான் பயங்கரம். மறுநாள் முதல் காலணி காணாமல் போவது இஷிதாவுக்கு. பின்னாளில் அவன் உயர்நிலைப் பள்ளியில் நடக்கும்போது எதிர்வரும் முகங்கள்மேலெல்லாம் பெரிய பெருக்கல் குறி வரையப்பட்டிருக்கும். நட்பு அரும்பும் முகத்திலிருந்து மட்டும் அது உரிந்து விழும். இது மர்மக் கதை அன்று, ஆனால் மர்மக் கதைகள் பத்துப் பாகத்தில் தேடுவதை அந்த ஒரு வகுப்பறைக் காட்சியில் சொல்லிவிடுகிறது.

திகில் கதைகளும் இதில் அடங்குமா?

சில அடங்கும். அயாட்சுஜி யுகிட்டோவின் 2009 நாவலான 'அனதர்', கியோஹாரா ஹிரோவின் ஓவியத்தில் மங்காவாகவும் வந்தது. அதில் வகுப்பைச் சூழ்ந்த சாபத்தைத் தடுக்க, ஒரு மாணவரை 'இல்லாதவர்' என்று எல்லோரும், ஆசிரியர் உட்பட, முடிவு செய்து நடத்துகிறார்கள். ஜப்பானியப் பிள்ளைகள் 'ஷிகாட்டோ' என்னும் கூட்டுப் புறக்கணிப்பு அங்கே விதிமுறையாகவே எழுதப்பட்டுவிடுகிறது. பேயைவிட அந்த விதிமுறைதான் எனக்கு அச்சம் தந்தது.

கைபேசி வந்தபின் கதைகள் மாறினவா?

மாறின. 2011-இல் அறிமுகமான 'லைன்' செயலி பரவியபின், வகுப்புக்கு ஒரு குழு, அதிலிருந்து ஒருவரை மட்டும் விட்டுவிட்டு இன்னொரு குழு என்பது வழக்கமானது. பள்ளி மணி அடித்தபின் வீடு அடைக்கலமாக இருந்த நிலை போய்விட்டது. மர்மக் கதைக்காரருக்கு இது வசதியும்கூட: படித்ததைக் காட்டும் அடையாளம், நேரம், அழிக்கப்பட்ட செய்தி எல்லாம் தடயங்கள். 2013 சட்டத்தின் வரையறையும் இணையவழிச் செயல்களைச் சேர்த்தே, பாதிக்கப்பட்டவர் வேதனை உணர்ந்தாலே அது வதை என்கிறது.

ஜப்பானில் மாணவர் தற்கொலைகளுக்கு வதைதான் முதன்மைக் காரணமா?

இல்லை, மங்காவைப் படித்து அப்படி நம்பிவிடக் கூடாது. தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரையிலான மாணவர்களில் 2022-இல் 514 பேரும், 2023-இல் 513 பேரும், 2024-இல் 529 பேரும் இவ்வாறு இறந்தார்கள். படிப்பு, எதிர்காலம் குறித்த கவலை, பெற்றோருடன் பிணக்கு, மனநோய் ஆகியவையே காரணங்களாக அதிகம் பதிவாகின்றன. வதை என்று உறுதியாகப் பதிவாவது சிறு பகுதி. மறுபுறம், 2023 கல்வியாண்டில் பள்ளிகள் கண்டறிந்த வதை நிகழ்வுகள் 7,32,568. அவற்றில் 'கடும் நிலை' எனக் கொள்ளப்பட்டவை 1,306. எண் பெரிதாகத் தெரிவதற்கு, சிறு நிகழ்வையும் பதிவு செய்யும்படி வரையறை விரிந்ததும் ஒரு காரணம்.

ஒரு மரணத்தைப் புதிராக்கிச் சுவைப்பது முறைதானா?

இவ்வகையின் பெரிய பலவீனம் இதுதான். பல கதைகளில் இறந்தவருக்கு மரணத்தைத் தவிர வேறு எந்த அடையாளமும் இருப்பதில்லை. அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபப்படுவார் என்பது நமக்குத் தெரியாமலே கடைசிப் பாகம் முடிந்துவிடும். இதைவிடக் கெடுதலானது, இறந்தவர் விட்டுச் சென்ற கடிதம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தண்டிக்க, அதன்பின் வகுப்பே அழுது திருந்துகிற வகை. தான் இறந்தால்தான் தன் சொல்லுக்குக் காது கிடைக்கும் என்று வேதனையில் இருக்கும் வாசகருக்கு அது சொல்லிவிடுகிறது. முறையை விவரிக்காதீர்கள், ஒற்றைக் காரணத்தைச் சுட்டாதீர்கள், மரணத்தைத் தீர்வாகக் காட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குச் சொல்லிவருகிறது. 2019-இல் திரை, மேடைப் படைப்பாளர்களுக்கெனவும் தனி வழிகாட்டி வெளியிட்டது. மங்காவுக்கும் அது பொருந்தும்.

சுவேனோபுவின் 'லைஃப்' (2002 முதல் 2009 வரை, 20 பாகங்கள்) இவ்விடத்தில் மதிக்கத்தக்கது. அதன் நாயகி ஆயுமு தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்பட்டவள். கதை அவளை இறக்கவிட்டுப் பின்னோக்கித் துப்பறியாமல், உயிரோடு வகுப்புக்குத் திரும்ப அனுப்பி எதிர்த்து நிற்க வைக்கிறது.

கதைகளில் செப்டம்பர் 1 என்ற தேதி அடிக்கடி வருவது ஏன்?

கோடை விடுமுறை முடிந்து பல பள்ளிகள் திறக்கும் நாள் அது. 1972 முதல் 2013 வரையிலான மரணங்களை நாள்வாரியாக ஆராய்ந்து 2015-இல் ஜப்பானிய அரசு வெளியிட்ட அறிக்கை, 18 வயது வரையிலானோரின் தற்கொலைகள் அந்நாளில்தான் மிக அதிகம் என்று காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டு 26 அன்று கமாகுரா நகர மத்திய நூலகம் ட்விட்டரில் ஒரு செய்தி இட்டது: பள்ளிக்குப் போவது சாகும் அளவுக்கு வேதனையாக இருந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வாருங்கள், மங்காவும் உண்டு, நாள் முழுவதும் இருந்தாலும் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்பது அதன் சாரம். அது நாடெங்கும் பகிரப்பட்டது.

இவற்றை எந்த வயதில் படிக்கலாம்? படித்து மனம் கலங்கினால் என்ன செய்வது?

'கோயே நோ கடாச்சி'யை 13 வயதுக்கு மேற்பட்டோர் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டே படிக்கலாம். 'லைஃப்', 'லிமிட்' இரண்டையும் 16-க்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது. இப்போது மனச்சோர்விலோ பள்ளித் துன்பத்திலோ இருப்பவர்கள் இவற்றைத் தள்ளிவைக்கலாம். கதை எங்கும் ஓடிவிடாது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தோன்றினால், வீட்டிலோ வெளியிலோ நம்பும் ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம். ஒரு நண்பர் அப்படிச் சொன்னால் அதை இரகசியமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது?

'கோயே நோ கடாச்சி' 7 பாகங்களில் முடிகிறது. ஆங்கிலத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. 2016-இல் வந்த யமாதா நவோகோவின் திரைப்படத்தைப் பார்த்தவர்களும் மங்காவைப் படிக்கலாம், ஏனெனில் துணைப்பாத்திரங்களின் தரப்பு அதில்தான் முழுமையாக இருக்கிறது. அடுத்து 6 பாகங்கள் கொண்ட 'லிமிட்'. 'லைஃப்' ஆங்கிலத்தில் பாதியில் நின்றுவிட்டதால், ஜப்பானிய மொழி தெரியாதவர்கள் அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மங்காவுக்குப் புதியவர்கள் வலப்பக்க மேல்மூலையிலிருந்து இடப்பக்கமாகக் கட்டங்களைப் படிக்க வேண்டும்.